எரிந்தால் குறைக்கவும்

கண்டக்டர் வேலை பார்ப்பவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். ஆள் படியில் கால் வைக்கும்போதே, இவன் சொன்னால் உள்ளே நகர்வானா, இல்லை படியிலேயே நின்று உயிரை வாங்குவானா என்று மனசு எடைபோட்டுவிடும். பக்கத்துக் கட்டிலுக்குப் பெயிண்ட் கடை முதலாளியைக் கொண்டுவந்தபோதும் நான் அப்படித்தான் பார்த்தேன். கை கால் துவண்டு, தலை ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. வார்டு ஆட்கள் இரண்டு பேர் மூட்டையைப் போலத் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். போட்ட மறுநொடியே அவர் வாயைத் திறந்தார்.

"தலகாணிய இப்படியாடி வைப்பாங்க? முண்டம். உன்னைக் கூட்டிட்டு வந்ததுக்கு ஒரு கழுதைய கூட்டிட்டு வந்திருக்கலாம்."

கூட வந்த மனைவி தலையணையைச் சரிசெய்தாள். உடம்பு மொத்தமும் வேலைநிறுத்தம் செய்துவிட்டது, வாய் மட்டும் டூட்டியில் இருந்தது. படியில் நிற்கிற ரகம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

எனக்குக் கால் முறிந்திருந்தது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து விழுந்தேன் என்றால் கௌரவமாக இருக்கும். வீட்டுக் குளியலறையில் சோப்பில் வழுக்கி விழுந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். காலை மேலே தூக்கிக் கட்டி, எடையைத் தொங்கவிட்டிருந்தார்கள். திரும்பிப் படுக்கவும் வழியில்லை. அடுத்தவர் வீட்டு விவகாரத்தைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு பிழைப்பும் இல்லை.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். நாள் கணக்காக வாந்தியும் பேதியும். மனைவி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சக் கெஞ்ச, இவர் கடையை விட்டு நகர மாட்டேன் என்று வீம்பு பிடித்திருக்கிறார்.

"உடம்புல பொட்டாசியம்னு ஒரு உப்பு இருக்கு. அது சுத்தமா வத்திப்போச்சு. அதான் கை கால் வரல. டிரிப்ஸ்ல கலந்து மெதுவா ஏத்துவோம். ஏற ஏறக் கை கால் பழையபடி வந்துடும். பயப்படாதீங்க" என்றார் டாக்டர்.

மனைவி தலையாட்டினாள். அவளை நான் அன்றைக்கே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். என் பேச்சு அப்படி. பஸ்ஸில் ஏறுகிற பெண்கள் எல்லோருமே எனக்கு அக்காதான்.

அவசரப் பிரிவில் டிரிப்ஸை அளந்து விடுவதற்கு மெஷின் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால், சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டு போகாது. எங்கள் வார்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கூட வந்திருக்கும் சொந்தக்காரர்தான் இங்கே மெஷின். மொத்த வார்டுக்கும் ஒரே சிஸ்டர், அவரும் பாவம் எத்தனை பக்கம் ஓடுவார்? அதனால் டிரிப்ஸ் போட்டதும் கூட இருப்பவரைக் கூப்பிட்டுப் பாடம் நடத்திவிடுவார். அக்காவுக்கு நடந்த பாடத்தை நானும் சேர்ந்து கேட்டேன்.

"இங்க பாருங்கம்மா. பைக்குக் கீழ இந்தக் குப்பியில சொட்டுச் சொட்டா விழுது பாருங்க. அதுக்குக் கீழ டியூப்ல இந்தச் சின்னச் சக்கரம். மேல தள்ளினா வேகமா விழும். கீழ தள்ளினா மெதுவா விழும். இன்னும் தள்ளினா நின்னுடும். நான் கடிகாரத்தை வச்சு எண்ணி அளவு வச்சிருக்கேன். ஆனா அவரு கையை மடக்கினா குறையும், நீட்டினா கூடும். அதனால பார்த்துக்கிட்டே இருக்கணும்."

"சரிங்க சிஸ்டர்."

"இது சும்மா தண்ணி இல்ல. வேகமாப் போனா நரம்பு தீயா எரியும். அதுக்கும் மேல போனா இதயமே நின்னுடும். எரியுதுன்னு சொன்னா உடனே குறைச்சு விடுங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. மேல தள்ளினா எரியும், கீழ தள்ளினா எரியாது" என்றாள் அக்கா.

சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு, குப்பிக்கு நேராக உட்கார்ந்துகொண்டாள்.

சாயந்திரம் பார்வையாளர் நேரத்தில் வார்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தைந்து வயசு இருக்கும். நகக்கண்ணில் பச்சைப் பெயிண்ட். உள்ளே வரவில்லை. அக்கா அவளைப் பார்த்ததும் எழுந்தாள்.

"யாரு அங்க? அவளா?" முதலாளி தலையைத் திருப்ப முடியாமலேயே கண்டுபிடித்துவிட்டார். "அந்த நாய் உள்ள கால வச்சுதுன்னா ஊசிய பிடுங்கிப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுவேன். சொல்லிட்டேன்."

மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்டத் தெம்பில்லாத மனுஷன் எழுந்து போய்விடுவாராம். நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. வாசல் வரை போய், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து என்னவோ பேசிவிட்டுத் திரும்பி வந்தாள். அவர் தூங்கிய பிறகு, நான் கேட்காமலேயே என்னிடம் சொன்னாள்.

ஒரே மகள். படிப்பு முடித்ததும் அப்பா கடையில் பெயிண்ட் கலக்க உட்கார்ந்தவள். பழைய சுவரிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்துக் கொண்டுவந்து கொடுத்தால், அதே நிறத்தை அச்சு அசலாகக் கலந்து கொடுப்பாளாம். ஒருநாள் ஒரு டப்பா மாறிப்போனதற்கு, வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டே அப்பா கன்னத்தில் அறைந்திருக்கிறார். அவள் கலக்குகிற கோலைக் கீழே வைத்தாள். ரோட்டைத் தாண்டினாள். எதிர் பெயிண்ட் கடையில் அன்றைக்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இப்போது தனியாக ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.

"எதிர் கடைவாசல்ல நிக்கிறா தம்பி. என் கண்ணுக்குத் தெரியுறா. ரோட்டைத் தாண்டி ஒரு வார்த்தை பேச விடமாட்டாரு."

"பொண்ணு என்னக்கா சொல்லுது?"

"அப்பா வாயால ஒரு தடவ வான்னு கூப்பிட்டா வந்துடுவேங்குறா. அதுக்குத்தான் இங்க வந்து நிக்கிறா. அவ வீட்டுல இருந்தாத்தான் தம்பி நான் மனுஷியா இருப்பேன். அவ போனதுக்கு அப்புறம் நானும் அவரும் மட்டும்…" முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். மூடுவதற்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். அது கட்டிலில் இடித்துக்கொண்ட காயம் இல்லை.

மறுநாள் காலை அக்கா அவருக்கு உடம்பு துடைத்துவிட்டாள். துடைக்க வசதியாக, ஊசி போட்ட கையை மடக்கி அவர் மார்பின் மேல் வைத்திருந்தாள். சொட்டு நின்றுவிட்டது. சிஸ்டர் திட்டுவாரே என்ற பயத்தில் சக்கரத்தை மேலே தள்ளிவிட்டு, மறுபடி துணியைப் பிழிந்தாள். அவர் திட்டிக்கொண்டிருந்தார். துணி சூடாக இருந்தால் தோலை உரிக்கிறாயா என்றார். ஆறினால் என்னைப் பிணமென்று நினைத்தாயா என்றார். அடுத்து அவளைப் பெற்றவர்களிடம் போனார். அவள் அப்பாவின் சாவு வரைக்கும் வந்திருந்தார். அப்போது மார்பிலிருந்த கை வழுக்கிப் பக்கத்தில் விழுந்து நீண்டது.

"ஆ! ஆ! எரியுது! ஏய், எரியுதுடி!"

அக்கா பதறிப்போய்ச் சக்கரத்தைப் பிடித்தாள். ஈரக் கை, சக்கரம் வழுக்கியது. எந்தப் பக்கம் தள்ளுவது என்று மறந்துவிட்டதோ என்னவோ, சொட்டு இன்னும் கூடியது.

"ஐயோ… குறை… குறைம்மா. உனக்குப் புண்ணியமாப் போகும். குறைம்மா."

கீழே தள்ளினாள். எரிச்சல் அடங்கியது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டு மூச்சு வாங்கினார். விட்ட இடத்திலிருந்து அவர் திட்டைத் தொடரவில்லை. அக்கா சக்கரத்தைப் பார்த்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஒரு "ம்மா" வந்தது அன்றைக்குத்தான் என்று பின்னால் சொன்னாள்.

பிறகு நடந்தது எதுவும் தற்செயல் இல்லை.

அன்று மத்தியானம் பால் கொடுத்தாள். "இது பாலா, பாத்திரம் கழுவின தண்ணியா?" என்று அவர் ஆரம்பித்தார். அக்காவின் வலது கையில் டம்ளர் இருந்தது. இடது கை தன்பாட்டுக்கு மேலே, சக்கரத்துக்குப் போனது. முகத்தில் ஒரு சலனம் கிடையாது.

"என்னங்க, எரியுதா?"

"ஆமா… ஆமா…"

"சிஸ்டர் குறைக்கச் சொல்லியிருக்காங்க. குறைக்கட்டுமா?"

"குறை!"

"குறைன்னா?"

அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு வீட்டில் என்ன அர்த்தமோ எனக்குத் தெரியாது. இங்கே அதற்குக் கை கால் இல்லை. அக்கா காத்திருந்தாள்.

"குறைம்மா" என்றார்.

"பால் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பொய் சொல்வானேன்? படியில் நின்று அட்டகாசம் செய்கிறவனை யாராவது காதைப் பிடித்து உள்ளே தள்ளமாட்டார்களா என்று எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறேன். இந்த அக்கா, வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது என்று நான் நினைத்த அக்கா, ஒற்றை விரலால் அந்த ஆளைப் பெட்டிப் பாம்பாக்கிவிட்டாள். கால் வலியைக்கூட மறந்துவிட்டேன்.

அவரும் சும்மா இருக்கவில்லை. சிஸ்டர் வந்ததும் புகார் கொடுத்தார். "சிஸ்டர், இவ வேணும்னே திருப்புறா. என்னைச் சித்திரவதை பண்றா."

சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டை எண்ணினார். அளவு கச்சிதமாக இருந்தது. சிஸ்டரின் செருப்புச் சத்தம் கேட்டதுமே அக்கா சரிசெய்துவிடுவாள். "இந்த மருந்துன்னா கொஞ்சம் எரியத்தான்யா செய்யும். கண்ணை மூடாம உட்கார்ந்து பார்த்துக்கிறாங்க. அவங்களப் போயி இப்படிப் பேசுறீங்களே. நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க கண்டக்டர், அவங்க ஏதாவது பண்ணினாங்களா?"

"சாமி மாதிரி பார்த்துக்கிறாங்க சிஸ்டர்" என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கியிருக்க வேண்டும். நான் கண்ணடித்தேன்.

அதற்கப்புறம் அக்காவுக்குக் கை பழகிவிட்டது. திட்டுக்குத் திருப்பினாள். திட்டாமல் முறைத்தாலும் திருப்பினாள். கொஞ்ச நேரம் போனதும், அவர் சும்மா படுத்திருக்கும்போதுகூடத் திருப்பிப் பார்த்தாள், வேலை செய்கிறதா என்று பார்ப்பதுபோல. அவர் உதட்டைக் கடிப்பார், கண்ணோரம் தண்ணீர் வழியும். அவள் துண்டின் நுனியால் அதைத் துடைத்துவிடுவாள். ஒருமுறை துடைத்துக்கொண்டே, "அன்னைக்கு அடுப்படியில நான் எத்தனை தடவ போதும்னு சொன்னேன், நினைவிருக்கா?" என்று கேட்டாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவள் சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

மருந்து பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது. முதலில் விரல்கள் அசைந்தன. பிறகு முழங்கை. அவருக்குத் தெம்பு ஊறிக்கொண்டிருந்தது, அதுவும் அக்கா பார்த்துக்கொண்டிருந்த அதே குப்பி வழியாக. டாக்டர் சந்தோஷமாக அவர் தோளில் தட்டினார். "பிரமாதம். இன்னும் ஒரு பாட்டில்தான். அது முடிஞ்சதும் சாயந்திரம் வீட்டுக்குப் போகலாம்."

அக்காவின் முகம் செத்துவிட்டது. மகள் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. அவர் இன்னும் வா என்று சொல்லவில்லை. இங்கே சொல்லாதவர் வீட்டில் சொல்வாரா? வீட்டில் ஸ்டாண்டும் இல்லை, சக்கரமும் இல்லை.

கடைசிப் பை பாதி இறங்கியிருந்தபோது பார்வையாளர் நேரம் வந்தது. மகள் வழக்கம்போல வாசலுக்கு வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். அக்கா கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தாள். என் பக்கம் மட்டும் திறந்திருந்தது. என்னை ஆள் கணக்கிலேயே அவள் சேர்க்கவில்லை போலிருக்கிறது.

"என்னங்க, பொண்ணு வந்திருக்கா. உள்ள கூப்பிடுங்க."

"மாட்டேன்."

சக்கரம் மேலே போனது. அவர் முகம் சுருங்கியது.

"வான்னு ஒரு வார்த்தை. சொல்லுங்க."

"கொன்னு போட்டாலும் சொல்லமாட்டேன்."

இன்னும் மேலே. அவர் மற்றக் கையைத் தூக்கிச் சக்கரத்தைப் பிடிக்கப் பார்த்தார். பாதி தூரம் வந்த கையை அக்கா பிடித்துப் படுக்கையோடு அழுத்திக்கொண்டாள். அந்தக் கைக்கு அவளை எதிர்க்கும் தெம்பு இன்னும் வந்திருக்கவில்லை. குப்பியில் சொட்டு என்பதே இல்லாமல் போய், நூல் பிடித்தமாதிரி ஒழுகியது. இதயம் நின்றுவிடும் என்று சிஸ்டர் சொன்னதை நானும்தானே கேட்டிருந்தேன்.

"அக்கா, போதும். அக்கா!" என்றேன்.

அவள் காதில் விழவில்லை. கண்டக்டர் குரல், வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். அவளுக்கு மட்டும் விழவில்லை.

"சொல்லுங்க. சொல்லுங்க. சொல்லுங்க."

"பாப்பா!" அவர் அலறினார். "பாப்பா, உள்ள வா! உள்ள வாடா கண்ணு! வாடா!"

அந்தப் பெண் ஓடிவந்தாள். திரையை விலக்கியபோது அவள் முகத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்து வாசலில் அப்பா வந்து நிற்பதைப் பார்த்த சின்னப் பிள்ளையின் முகம். அப்படி ஒரு சந்தோஷம். அது முகத்தில் தங்குவதற்குள் அவள் மற்றதையெல்லாம் பார்த்துவிட்டாள். அப்பாவின் கன்னத்தில் ஓடும் கண்ணீர். ஊசியிலிருந்து முழங்கை வரை சிவந்து தடித்த நரம்பு. அவர் கையை அழுத்திப் பிடித்திருக்கும் அம்மாவின் கை. சக்கரத்தின் மேல் அம்மாவின் கட்டைவிரல்.

"வாம்மா" என்றாள் அக்கா. சிரித்தாள். "அப்பா கூப்பிட்டாருடி. கேட்டியா? அவர் வாயால கூப்பிட்டாரு."

மகள் அம்மாவின் விரலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கீழே இறக்கினாள். ஒழுக்கு நின்றது. அவருக்கும் எனக்கும் சேர்த்து மூச்சு வந்தது.

"எரியுதாப்பா?"

அவர் தலையாட்டினார்.

"எத்தனை நாளா?"

அவர் அக்காவைப் பார்த்தார். மகளுக்கு அது போதுமாக இருந்தது.

"உனக்காகத்தான்டி" என்றாள் அக்கா. "நீ வீட்டுக்கு வரணும்னுதான். அவர் வாயால கூப்பிட்டாத்தான் வருவேன்னு நீதானே சொன்னே?"

"இப்படிக் கூப்பிட வைக்கச் சொன்னேனா?" அந்தப் பெண் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. "கடையில அத்தனை பேரு முன்னாடி என்னை அறைஞ்சுட்டு அப்பாவும் இதையேதான்மா சொன்னாரு. உனக்காகத்தான்னு."

"நானும் அவரும் ஒண்ணாடி?"

"எனக்குத் தெரியல. உன் முகத்தைப் பார்த்தேன். நீ சிரிச்சுக்கிட்டு இருந்தே."

திரும்பி நடந்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, நில்லு! அவ்வளவு நியாயம் தெரிஞ்சவ, உங்கம்மாவையும் கையோட கூட்டிட்டுப் போயேன்" என்று கத்தினேன். அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். என்னை இல்லை, அம்மாவை. அப்புறம் போய்விட்டாள். இன்றைக்கும் எனக்கு அந்தப் பெண்மேல்தான் கோபம். நியாயம் பேசினாள், சரி. நியாயம் பேசிவிட்டுப் போவதற்கு அவளுக்கு ஒரு அறை இருந்தது, அதற்கு ஒரு சாவியும் இருந்தது.

அக்கா வராந்தாவுக்கு ஓடினாள். கொஞ்ச நேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பி வந்தாள். என் கூச்சலைக் கேட்டு சிஸ்டர் வந்திருந்தார். சிவந்த கையைப் பார்த்து, "ஏன்யா, சொல்லக் கூடாதா?" என்று கேட்டு, ஊசியை வேறு கையில் மாற்றிப் போட்டு, தானே கடிகாரத்தை வைத்து அளவு வைத்தார். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். சக்கரத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

முதலாளி ஒரு புகாரும் சொல்லவில்லை. யாரையும் திட்டவில்லை. மீதிப் பை இறங்கி முடிகிற வரைக்கும் அக்காவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நடுவில் அவள் பால் கொடுத்தாள், குடித்தார். நல்லா இருக்கு என்றார், கேட்காமலேயே. அவர் திட்டித் தொலைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பை காலியானதும் சிஸ்டர் ஊசியை உருவிப் பஞ்சை வைத்தார். "நான் பிடிச்சுக்கிறேன் சிஸ்டர்" என்று அவரே முழங்கையை மடக்கிப் பஞ்சை அழுத்திக்கொண்டார். எழுந்து உட்கார்ந்தார். சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழே வரை ஒவ்வொன்றாகத் தானே போட்டார். விரல் நடுங்கவே இல்லை.

"பார்த்தீங்களா, கை எப்படி வந்துடுச்சு" என்றார் சிஸ்டர்.

"எல்லாம் இவளாலதான் சிஸ்டர்." குரல் பாகாக இருந்தது. "இவ என்னை எப்படிப் பார்த்துக்கிட்டான்னு எனக்கு மட்டும்தான் தெரியும். ஒண்ணு விடாம நினைவுல வச்சிருக்கேன். இனிமே நான் இவளப் பார்த்துக்கணும். வீட்டுல நாங்க ரெண்டு பேரு மட்டும்தானே."

சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. புருஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று என்னிடம் வேறு சொன்னார். நான் வாயைத் திறந்தேன். நேற்றுவரை சாமி மாதிரி என்று சாட்சி சொன்ன வாய். இப்போது எதைச் சொன்னாலும் மாட்டப்போவது அக்காதான். மூடிக்கொண்டேன்.

அக்கா போர்வையை மடித்தாள். டம்ளரைக் கழுவிப் பையில் வைத்தாள். எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகும் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சிஸ்டர் காலிப் பையை ஸ்டாண்டிலிருந்து கழற்றி டியூபோடு சேர்த்துச் சுருட்டியபோது, அவர் கையைப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், இன்னும் ஒரே ஒரு பாட்டில் போடக் கூடாதா?"

"எதுக்குமா? அவருதான் குணமாயிட்டாரே."

"இல்ல சிஸ்டர். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும். ஒரு பாட்டில். நான் தொடமாட்டேன். நீங்களே மெதுவா விடுங்க. எவ்வளவு மெதுவா வேணும்னாலும் விடுங்க."

சிஸ்டர் கலகலவென்று சிரித்தார். "எப்போ ஊசிய எடுப்பீங்கன்னுதான் எல்லாரும் உயிரை எடுப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் இப்படி."

முதலாளியும் சிரித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து நின்று, அக்காவின் தோளில் கையை வைத்தார். முந்தானை மூடியிருந்த அதே தோள். "வாம்மா, போகலாம்" என்றார்.

அக்கா பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.